மருந்து கொடுக்கக் கூடாத மருத்துவர்

தஞ்சாவூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியதும் வருகிற ஊர் திருமானூர். அந்த வட்டாரத்தில் ஆடு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நிலம் இல்லாத குடும்பத்துக்கு நாலு வெள்ளாடுதான் கையிருப்பு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாலும், வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் ஒரு கிடாய் சந்தைக்குப் போகும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி முகாம் என்றால் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு காலையிலேயே வந்துவிடுவார்கள். கால்நடை உதவி மருத்துவர் ஐஸ் பெட்டியைத் திறந்து, குப்பியில் தூளாக இருக்கும் மருந்தில் கரைசலை ஊற்றிக் கலக்குவார். ஆட்டின் தோலை லேசாகத் தூக்கி 1 மில்லி செலுத்துவார். அவ்வளவுதான். குறைந்தது மூன்று ஆண்டுக்கு அந்த ஆட்டை இந்த நோய் தொடாது.

"சினை ஆட்டுக்குப் போட்டா குட்டி கலைஞ்சிடாதா சார்?" என்ற கேள்வி முகாமுக்கு முகாம் வரும். அந்த 1 மில்லி வேலை செய்யும் என்பதை யார், எப்படி, எந்த உயிரை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பவர் கிடையாது. அறிவியல் கேள்விதான் என்றாலும் அதற்குள் பாவ புண்ணியக் கேள்வி ஒன்று இருக்கிறது. ஆராய்ச்சிப் பண்ணைகளில் கால்நடைகளுக்குப் பொறுப்பேற்று நிற்கும் மேற்பார்வை மருத்துவர்கள் அந்தக் கேள்வியோடுதான் தினமும் வேலைக்குப் போகிறார்கள்.

கதை தொடங்கியது தமிழ்நாட்டில்தான். 1987-ல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள அரசூரில் செம்மறி ஆடுகள் காய்ச்சலும் கழிச்சலுமாக விழுந்தன. பார்வைக்கு மாட்டு வெக்கை நோய் போலவே இருந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலாவும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து, இது வெக்கை நோய் வைரஸின் நெருங்கிய உறவான இன்னொரு வைரஸ் என்று 1989-ல் எழுதினார்கள். 1942-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட அந்த ஆட்டுக்கொல்லி நோய், இந்தியாவில் உறுதி செய்யப்பட்டது அதுவே முதல் முறை. அரசூர் ஆட்டிலிருந்து எடுத்த வைரஸை உயிரணு வளர்ப்பில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி ஒன்றை உருவாக்கியது. அதற்கு 'அரசூர்/87' என்றே பெயர். இமாச்சலப் பிரதேசத்தில் கிடைத்த வைரஸை வைத்து இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இன்னொரு தடுப்பூசியைச் செய்தது.

உருவாக்கினால் மட்டும் போதாது, அது காப்பாற்றுகிறது என்று காட்ட வேண்டும். உலகம் முழுக்க அதற்கு வைத்திருந்த வழி ஒன்றுதான். ஆடுகளை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவுக்குத் தடுப்பூசி போடுவார்கள், இன்னொரு பிரிவுக்குப் போட மாட்டார்கள். சில வாரம் கழித்து இரண்டு பிரிவுக்கும் வீரியம் குறையாத உண்மையான வைரஸைச் செலுத்துவார்கள். ஊசி போட்ட ஆடு தப்பித்து, போடாத ஆடு படுத்தால்தான் தடுப்பூசிக்கு வெற்றி. போடாத ஆட்டுக்குக் 'கன்ட்ரோல்' என்று பெயர். அது நோயில் விழாவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகாது. விழ வேண்டும் என்பதற்காகவே அது அங்கே கட்டப்பட்டிருக்கிறது.

அந்தக் கொட்டகையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது. தழை போட்டால் தின்னும், ஆள் வந்தால் கத்தும். அதற்குப் பிறகு ஒரு காலையில் வெப்பமானி 41 டிகிரி செல்சியஸைக் காட்டும். நல்ல ஆட்டுக்கு 39-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மறுநாள் மூக்கில் தண்ணீராக வடியும், அடுத்து அது சீழாகி நாசியை அடைக்கும். கண்ணில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். உதட்டைப் பிரித்துப் பார்த்தால் ஈறில் தவிடு ஒட்டியது போல வெள்ளைப் படலம். அதைத் துடைத்தால் அடியில் புண். வாய்ப்புண்ணால் தீனி இறங்காது. ஒரு வாரத்துக்குள் கழிச்சல் தொடங்கிப் பின்னங்கால் முழுக்க நனைந்திருக்கும், மூச்சு வாங்கும். ஆடு சுவரோரம் போய்த் தலையைத் தொங்கப் போட்டு நிற்கும். மேற்பார்வை மருத்துவர் காலையும் மாலையும் வந்து வெப்பம் பார்த்து, புண்ணுக்கும் கழிச்சலுக்கும் மூச்சுக்கும் மதிப்பெண் போட்டு அட்டையில் எழுதுவார்.

அவர் கையில் மருந்து இல்லாமல் இல்லை. இந்த வைரஸைக் கொல்லத் தனி மருந்து கிடையாது என்றாலும், கூடச் சேரும் நுரையீரல் தொற்றுக்கு ஆன்டிபயாடிக்கும் உடல் வற்றாமலிருக்க குளுக்கோஸும் கொடுத்தால் பல ஆடுகள் பிழைக்கும். திருமானூர் மருந்தகத்தில் உட்கார்ந்திருந்தால் அவர் அதைத்தான் செய்வார். இங்கே செய்தால் கணக்கு கெட்டுவிடும். கணக்கு கெட்டால் அந்த ஆடு பட்ட பாடும் வீண், இன்னொரு ஆட்டைக் கொண்டுவந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நோய் தீர்ப்பேன் என்று உறுதிமொழி எடுத்தவர், நோய் கொடுக்கப்பட்ட உயிருக்கு முன்னால் மருந்தோடு நின்று மருந்து கொடுக்காமலிருப்பது தர்மமா?

'இறைச்சிக் கடையில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை ஆடு விழுகிறது, அதைக் கேட்காமல் இதைக் கேட்பானேன்?' என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கடையில் நடப்பது சாவு, கொட்டகையில் நடப்பது நோய். சாவு நொடியில் முடிகிறது, நோய் பத்து நாள் நீள்கிறது. கடைக்காரருக்கு ஆட்டின் வலியால் எந்த லாபமும் இல்லை. வலியில்லாமல் விழுந்தாலும் எடை அதே எடைதான். பரிசோதனையிலோ அந்த ஆடு அவதிப்படுவதுதான் தேடுகிற விடை. இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்ளாமல் மேலே பேச முடியாது.

திருமானூர் வட்டாரத்தின் சமயப் பழக்கங்களே இந்தக் கேள்விக்குப் பல கோணங்களில் வெளிச்சம் தருகின்றன. பக்கத்திலேயே திருமழபாடி இருக்கிறது. அங்கே மூலவர் பெயர் வைத்தியநாதர். பங்குனி மாதம் புனர்பூசத்தன்று அந்தச் சன்னதியில் நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம் நடக்கிறது. திருவையாற்று ஐயாறப்பர் மாப்பிள்ளை வீட்டுக்காரராகக் கொள்ளிடம் கடந்து வருகிறார். கல்யாணம் ஆகாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய. காளை முகத்துத் தெய்வத்துக்கு மாலை மாற்றி, தாலி கட்டிவைத்து, அட்சதை போடுகிற மண் இது.

அதே வட்டாரத்தில், ஊர் எல்லையில் கருப்பசாமிக்கும் முனியப்பனுக்கும் கிடாய் விழுகிறது. மாட்டுக்குக் கோயிலுக்குள் இடம், ஆட்டுக்குக் கோயில் வாசலில் அரிவாள். மாடு புனிதம், ஆடு தீனி என்ற இந்த ஏற்றத்தாழ்வை நாம் கேள்வி கேட்பதே இல்லை. ஆராய்ச்சிப் பண்ணையிலும் அது நுழைந்துவிடுகிறது. பசுங்கன்றின் மேல் பரிசோதனை என்றால் ஊர் கொதிக்கும். ஆட்டுக்குட்டி என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் வலி ஒன்றுதான் என்பது மருத்துவருக்குத் தெரியும். அவர் வெப்பமானிக்குப் புனிதம் தெரியாது.

ஆனால் அந்தக் கிடாய் வெட்டிலேயே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நேர்ந்துவிட்ட கிடாய்க்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் தெளிக்கிறார்கள். பிறகு எல்லோரும் காத்திருக்கிறார்கள். அரிவாளோடு நிற்பவரும் காத்திருக்கிறார். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். உதறாவிட்டால் மறுபடி தண்ணீர் தெளிக்கிறார்கள். அப்போதும் உதறாவிட்டால், "என்ன குத்தம் குறை இருந்தாலும் மன்னிச்சு ஏத்துக்க சாமி" என்று குடும்பத்தார் விழுந்து கும்பிடுகிறார்கள். ஈரம் பட்டால் எந்த ஆடும் உதறும், அது தோலின் இயல்பு என்று மருத்துவர் சொல்லலாம். சரிதான். ஆனாலும் ஒரு உயிரை எடுக்கும்போது நம் இஷ்டத்துக்கு எடுத்துவிட முடியாது, அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும் என்று அந்த ஊர் நினைத்திருக்கிறது. கூட்டம் அமைதியாகக் காத்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் ஒரு கூச்சம் இருக்கிறது. கொட்டகையில் அந்தக் கூச்சத்தை யார் காப்பாற்றுவது?

பக்ரீத் குர்பானிக்கும் விதிகள் உண்டு. கத்தி கூராக இருக்க வேண்டும். பிராணி பார்க்கும்படி தீட்டக் கூடாது. ஒரு பிராணியின் கண் முன்னால் இன்னொன்றை அறுக்கக் கூடாது. வலியையும் பயத்தையும் முடிந்த மட்டும் குறைக்க வேண்டியது அறுப்பவரின் கடமை என்று அந்த மார்க்கம் வைத்திருக்கிறது. பலியை ஏற்கும் மரபுகள்கூட இப்படி எல்லை போட்டுத்தான் ஏற்கின்றன.

பலியை ஏற்காத மரபுகள் தமிழில் இன்னும் அழுத்தமாகப் பேசுகின்றன. திருக்குறளில் அருளுடைமை, புலான் மறுத்தல், இன்னா செய்யாமை, கொல்லாமை என்று துறவறவியலில் மட்டும் நான்கு அதிகாரங்கள் இந்தப் பொருளைச் சுற்றி நிற்கின்றன. 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கிய வள்ளலார், ஜீவகாருண்யமே கடவுளை அடையும் வழி என்றார். ஜைனம் இன்னும் நுட்பமாக இம்சையை நான்காகப் பிரிக்கிறது. வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது, வேண்டுமென்றே செய்வது. உழவன் ஏர் ஓட்டும்போது புழு சாகிறது. அது தொழிலில் நேர்வது, இல்லறத்தாருக்கு அதைத் தவிர்க்க முடியாது. வேண்டுமென்றே செய்வதை மட்டும் இல்லறத்தாரும் அறவே விட வேண்டும். கன்ட்ரோல் ஆட்டுக்கு நாள் குறித்து, அளவு பார்த்து நோய் கொடுக்கப்படுகிறது. தற்செயல் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. ஜைன விரதம் பூண்ட ஒருவர் இந்த வேலையை ஏற்க முடியாது என்று சொன்னால், அவரை மறுக்க யாரிடமும் முழுமையான வாதம் கிடையாது. நோக்கம் நல்லது என்பது உண்மை. செய்தது வேண்டுமென்றே என்பதும் உண்மை. இரண்டாவதை முதலாவது அழித்துவிடாது.

அப்படியானால் பரிசோதனையே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு மாட்டு வெக்கை நோய் சாட்சி. மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற நோய் அது. உழவு மாடு செத்தால் நிலம் தரிசு, நிலம் தரிசானால் வீட்டில் பட்டினி. 1920-களில் இமயமலையிலுள்ள முக்தேஸ்வரில் ஜே.டி. எட்வர்ட்ஸ் அந்த வைரஸை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நூற்றுக்கணக்கான முறை மாற்றி மாற்றிச் செலுத்தி, மாட்டைக் கொல்லாத அளவுக்கு அதன் வீரியத்தைக் குறைத்தார். மாட்டைக் காப்பாற்ற ஆடுகள் காய்ச்சலில் கிடந்தன. பிறகு கென்யாவில் வால்டர் பிளவுரைட் உயிரணு வளர்ப்பிலேயே தடுப்பூசி செய்யும் வழியைக் கண்டார். அந்த வேலைக்கு ஆடு தேவைப்படாமல் போனது. இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகப் பதிவானது 1995-ல், தமிழ்நாட்டில். 2011-ல் உலகிலிருந்தே அது ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் முயற்சியால் ஒழிந்த நோய் இது ஒன்றுதான்.

பெரியம்மையின் கணக்கிலும் கால்நடை உண்டு. 1899-ல் தொடங்கிய கிண்டி கிங் நிலையத்தில் அம்மைப் பால் தயாரித்தது கன்றுகளின் தோலில். வயதில் மூத்தவர்கள் கையில் இன்றும் இருக்கும் அம்மை குத்திய தழும்புக்குப் பின்னால் அப்படிப்பட்ட கன்றுகள் இருக்கின்றன. கொள்ளிடக்கரை வயலில் களை எடுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுபவருக்கு ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது. பாம்பு விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இன்று இந்தியாவில் இருக்கும் மருந்து இதுதான். பரிசோதனையே பாவம், எனக்கு அதில் பங்கில்லை என்று சொல்லக்கூடியவர் நம்மில் எவரும் இல்லை. நம் உடம்பிலேயே அந்தக் கடன் ஓடுகிறது.

இந்த இடத்தில்தான் சட்டம் வருகிறது, அதிலும் ஒரு தமிழ்ப்பெண் முன்னால் நிற்கிறார். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதும், பிராணிகளை வதைப்பதைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டம் பரிசோதனையைத் தடை செய்யவில்லை. மனிதர், விலங்கு, பயிர் எதன் நோயைத் தீர்க்கவும் பரிசோதனை செய்யலாம் என்கிறது. ஆனால் 17-ஆம் பிரிவில் வரிசையாக நிபந்தனைகள் போடுகிறது. தவிர்க்க முடிந்தால் தவிர்க்க வேண்டும். சிறிய பிராணியில் விடை கிடைக்குமென்றால் பெரிய பிராணியைத் தொடக் கூடாது. கைப்பழக்கத்துக்காக மட்டும் செய்யக் கூடாது. அறுவைப் பரிசோதனை என்றால் மயக்க மருந்து கொடுத்து, கவனத்தோடும் இரக்கத்தோடும் செய்ய வேண்டும். பிழைத்தால் கடும் துன்பம் என்ற நிலையில் உள்ள பிராணியை மயக்கம் தெளியும் முன்பே உயிரிலிருந்து விடுவித்துவிட வேண்டும். 1998-ல் வந்த விதிகள், எதிர்ப்பொருள் தயாரிக்கப் பிராணியைப் பயன்படுத்துவதையும் பரிசோதனைக் கணக்கில் சேர்த்தன. ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். அதில் கால்நடை மருத்துவர், வெளி நிறுவன விஞ்ஞானி, விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறையாளர், பரிசோதனைகளை மேற்பார்க்கும் மத்தியக் குழு அனுப்பும் பிரதிநிதி ஆகியோர் உட்கார வேண்டும். ஆடு மாடு போன்ற பெரிய பிராணி என்றால் விண்ணப்பம் மத்தியக் குழுவுக்கே போக வேண்டும்.

கிடாய் உதறட்டும் என்று ஊர் காத்திருப்பதற்குச் சமமான இடம் நெறிமுறைக் குழுவின் கூட்டம்தான். ஆட்டிடம் கேட்க முடியாததை, ஆட்டின் சார்பில் சிலர் உட்கார்ந்து கேட்கிறார்கள். இந்தப் பரிசோதனை வேண்டுமா? இத்தனை ஆடு எதற்கு, பாதி போதாதா? ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியாதா? எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்துவீர்கள்? 1959-ல் வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் எழுதிய நூல் முன்வைத்த மாற்று, குறைப்பு, மேம்பாடு என்ற மூன்று கொள்கைகளுக்கும் இந்தக் கேள்விகளே உருவம். இந்திய வழிகாட்டு நெறிகள் நான்காவதாக மறுவாழ்வைச் சேர்த்தன. பரிசோதனை முடிந்து பிழைத்திருக்கும் பிராணியை அதன் மிச்ச வாழ்நாளுக்குப் பராமரிப்பது நிறுவனத்தின் பொறுப்பு என்பது அதன் பொருள். கடன் பட்டவர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த விதிக்குள் இருக்கிறது.

கூட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு கொட்டகையில் நிற்பவர் மேற்பார்வை மருத்துவர். திருவாரூரில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்து மனுநீதிச் சோழனிடம் வழக்கு வைத்தது என்பது சேக்கிழார் சொன்ன கதை. பசுவுக்கும் வழக்காட உரிமை உண்டு என்று அந்தக் கதை நம்புகிறது. கொட்டகையில் அப்படி ஒரு மணி கிடையாது. ஆடு எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிட்டால், தண்ணீரைக்கூடத் தொடாவிட்டால், உடல் வெப்பம் திடீரென்று விழுந்தால், 'போதும், விடை கிடைத்துவிட்டது, இனி இது சாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை' என்று சொல்ல வேண்டியவர் அவர். சொல்லிவிட்டு, வலியில்லாமல் உயிரை விடுவிக்கும் ஊசியைப் போட வேண்டியவரும் அவர்தான்.

சேக்கிழாரே சொல்லும் இன்னொரு கதை இந்த வேலைக்கு இன்னும் நெருக்கமானது. காவிரிக்கரைச் சாத்தனூரில் மூலன் என்ற இடையன் மேய்ச்சல் நிலத்தில் இறந்துபோகிறான். பசுக்கள் அவன் உடலைச் சுற்றிச் சுற்றி வந்து கதறுகின்றன. அந்த வழியாக வந்த சிவயோகியார் அதைப் பார்த்துத் தாங்காமல் மூலனின் உடலுக்குள் புகுகிறார். பசுக்கள் மகிழ்ந்து மேய்கின்றன. மாலையில் அவற்றை ஊருக்கு ஓட்டிப் போய்ச் சேர்க்கிறார். அவரே திருமூலர். அந்த யோகி பசுக்களுக்காகப் பிரார்த்தனை செய்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் இடையனின் வேலையை ஏற்றார், பொழுது சாயும்வரை நின்றார், பசுக்கள் வீடு சேர்ந்ததைப் பார்த்தார். இரக்கப்பட்டவர் வேலையையும் ஏற்க வேண்டும் என்பதே ஆராய்ச்சிப் பண்ணை மருத்துவருக்கு அந்தக் கதை சொல்வது. இரக்கமுள்ளவர்கள் எல்லாம் கூசி விலகிவிட்டால் அந்தக் கொட்டகை இரக்கமில்லாதவர் கைக்குப் போகும். ஆட்டுக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

அமெரிக்காவில் நடந்தது அதற்கு உதாரணம். நெப்ராஸ்கா மாநிலத்தில் கிளே சென்டர் என்ற இடத்தில் அரசின் இறைச்சி விலங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2015 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் மைக்கேல் மாஸ் அதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆள் கவனிப்பு இல்லாமலே குட்டி வளர்க்கும் ஆட்டினத்தை உருவாக்கப் போகிறோம் என்று திறந்த வெளியில் ஈன விட்டு, குட்டிகள் பசியிலும் குளிரிலும் செத்ததைக் கணக்கெடுத்தது அங்கே நடந்த ஆய்வுகளில் ஒன்று. அந்த நிலையத்தில் நீண்ட காலம் பணியாற்றிய ஜேம்ஸ் கீன் என்ற கால்நடை மருத்துவர் முன்வந்து பேசியதால்தான் வெளியில் தெரிந்தது. இவ்வளவும் நடக்க இடம் கொடுத்தது சட்டத்திலிருந்த ஓட்டை. 1966-ல் வந்த அமெரிக்க விலங்கு நலச் சட்டம், வேளாண் ஆராய்ச்சியில் பயன்படும் பண்ணை விலங்குகளைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தது. உணவாகப் போகிற விலங்குதானே என்ற எண்ணம். நாளேட்டில் வந்த பிறகு வேளாண் துறை விசாரணைக்கு உத்தரவிட்டு மேற்பார்வையை இறுக்கியது.

இந்தியச் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. மனிதர் அல்லாத எந்த உயிரும் அதற்கு 'பிராணி'தான். ஆடும் ஒன்றுதான், நாயும் ஒன்றுதான். நம் அரசியல் சாசனத்தில் 51ஏ பிரிவு குடிமக்களின் கடமைகளைச் சொல்கிறது. அதில் 'ஜி' உட்பிரிவு உயிர்களிடம் இரக்கம் காட்டச் சொல்கிறது. அதற்கு அடுத்த 'எச்' உட்பிரிவு அறிவியல் மனப்பான்மையை வளர்க்கச் சொல்கிறது. 1976-ல் ஒரே திருத்தத்தில் வந்த இரண்டு கடமைகள். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே கொட்டகையில் நிறைவேற்ற வேண்டிய குடிமகன் மேற்பார்வை மருத்துவர்.

எனவே முதலில் கேட்ட கேள்விக்கு இந்தக் கட்டுரையின் தீர்ப்பு இது: நோய் கொடுக்கப்பட்ட ஆட்டுக்கு முன்னால் மருந்தோடு நின்று மருந்து கொடுக்காதிருப்பது, மூன்று நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டும் தர்மத்தோடு சேரும். ஒன்று தவறினாலும் அது வதைதான்.

முதல் நிபந்தனை, வேறு வழியே இருக்கக் கூடாது. உயிரணு வளர்ப்பில் வைரஸை அளந்தும், ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்த்தும் விடை தெரிகிற கேள்விக்கு ஆட்டை நோயில் தள்ளுவது குற்றம். ஏற்கெனவே விடை தெரிந்த கேள்வியைப் பட்டத்துக்காகவும் பதவி உயர்வுக்காகவும் மறுபடி கேட்பது அதைவிடக் குற்றம்.

இரண்டாவது, நிறுத்தும் அதிகாரம் மருத்துவரிடம் இருக்க வேண்டும். பரிசோதனை செய்யும் விஞ்ஞானிக்குக் கீழே சம்பளம் வாங்குபவராக, அவர் எழுதும் பணி மதிப்பீட்டுக்குப் பயப்படுபவராக இருந்தால் அவரால் 'போதும்' என்று சொல்ல முடியாது. நள்ளிரவில் ஒரு ஆடு படுத்துவிட்டால் யாரையும் கேட்காமல் அதை விடுவிக்கும் உரிமை அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களுக்கு மருந்தின் அளவைச் சொல்லிக் கொடுப்பது போல இந்த 'போதும்' சொல்லவும் பழக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனை மருத்துவர் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது. அந்த ஆடு எதற்காகப் பட்டதோ அது மற்ற ஆடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். தடுப்பூசி கண்டுபிடித்து, குளிர்பெட்டியில் வைத்து, முகாம் நடக்காமல் காலாவதியாக விட்டால் கன்ட்ரோல் ஆட்டின் பத்து நாள் வேதனைக்கு எந்த நியாயமும் மிஞ்சாது. நேர்த்திக்கடனைத் தீர்க்காமல் விடுவதை இந்த ஊர்கள் தெய்வக் குற்றமாகவே நினைக்கின்றன. இதுவும் அப்படிப்பட்ட கடன்தான்.

உலக உணவு வேளாண் நிறுவனமும் உலக விலங்கு சுகாதார அமைப்பும் ஆட்டுக்கொல்லி நோயை 2030-க்குள் ஒழிப்பதாக 2015-ல் உறுதி எடுத்தன. வெக்கை நோய் ஒழிந்தது போல இதுவும் ஒழிந்துவிட்டால், அதன் பிறகு எந்த ஆட்டுக்கும் இந்த நோயைக் கொடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் திருமானூரிலும் திருமழபாடியிலும் கீழப்பழுவூரிலும் ஏலாக்குறிச்சியிலும் ஆடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முகாம் அறிவித்ததும் நாலு மாதம் தாண்டிய குட்டி ஒன்றைக்கூட வீட்டில் விட்டுவிடாமல் கொண்டுபோங்கள். சினை ஆடு என்றால் மருத்துவரிடம் மாதத்தைச் சொல்லிக் கேளுங்கள். வெளியூர்ச் சந்தையில் வாங்கிய ஆட்டைச் சில வாரம் தனியாகக் கட்டுங்கள். உங்கள் ஊரில் முகாம் நடக்கவே இல்லை என்றால் கால்நடை மருந்தகத்துக்குப் போய்க் கேட்டு வாங்குங்கள். அந்த ஊசிக்கு அரசூர் ஆட்டிலிருந்து தொடங்கி எத்தனையோ ஆடுகள் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டன.